கொப்பியிலிருந்து பெட்டகத்துக்கு: கடவுச்சொற்களை யாரிடம் ஒப்படைப்பது?

திருகோணமலை மாவட்டத்தில் இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்களில் அநேகமாக ஒவ்வொன்றிலும் ஒரு பை இருக்கும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, வங்கிப் புத்தகம், சிலரிடம் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த துண்டு, ஆணைக்குழுக்களுக்கு எழுதிய கடிதங்கள். ஷெல் விழத் தொடங்கினால் முதலில் கை போகும் பை அது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறியபோதும் சரி, 2006இல் சம்பூரிலிருந்தும் மூதூர் கிழக்குக் கிராமங்களிலிருந்தும் சனம் ஓடியபோதும் சரி, அந்தப் பையை எடுக்க முடிந்தவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் இடையிலான வித்தியாசம் பிறகு பல வருடங்களாகக் கச்சேரி வாசலில் தெரிந்தது.

இப்போது அந்தப் பையின் பாதி கைத்தொலைபேசிக்குள் போய்விட்டது. உறுதியின் படம் கூகிள் டிரைவில் கிடக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் ஒரேயொரு தெளிவான புகைப்படம் கூகிள் போட்டோஸில் இருக்கிறது. காணாமல் போனோர் பற்றிய அலுவலகத்துக்கு அனுப்பிய கடிதம் ஜிமெயிலில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பும் காசு வங்கிச் செயலியில் வந்து விழுகிறது. இவை எல்லாவற்றுக்கும் கதவு ஒன்றுதான். அதன் பூட்டு ஒரு கடவுச்சொல்.

செய்தி சேகரிக்கப் போகும் வீடுகளில், பேசி முடிந்ததும், “தம்பி, இந்த ஈமெயிலை ஒருக்காத் திறந்து தாங்க” என்று போனை நீட்டுவார்கள். இப்படிப் பல வருடங்களாகப் பார்த்ததில் ஒன்று விளங்கியது. எங்கள் ஆட்களிடம் கடவுச்சொல் மூன்று விதமாக இருக்கிறது. ஒன்று, பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில். இரண்டு, எல்லாக் கணக்குக்கும் ஒரே சொல்லாக. மூன்றாவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. கணக்கைத் திறந்து கொடுத்தவர் கொமினிகேஷன் கடைக்காரத் தம்பி. கடவுச்சொல்லை வைத்தவரும் அவரே. மறந்துபோனால் மீட்பதற்குக் கொடுத்த தொலைபேசி எண்ணும் அவருடையது. கடை பூட்டுப்பட்டு அவர் கட்டாருக்குப் போய்விட்டால், ஒரு குடும்பத்தின் ஆவணங்கள் யாருக்கும் எட்டாத இடத்துக்குப் போய்விடும்.

இதில் பலருக்குத் தெரியாத இன்னொரு விடயம் உண்டு. இரண்டு வருடங்கள் எவரும் உள்நுழையாத தனிப்பட்ட கணக்குகளை அழிப்பதாக 2023 மே மாதத்தில் கூகிள் அறிவித்தது. அந்த வருடம் டிசம்பரிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. மின்னஞ்சல், டிரைவ், புகைப்படங்கள் எல்லாமே அதில் அடங்கும். கடவுச்சொல் தெரியாமல் “பிறகு பார்ப்பம்” என்று விட்ட கணக்கு, பிறகு பார்க்கும்போது இல்லாமலே போயிருக்கலாம்.

அதனால்தான் கடவுச்சொல் முகாமைச் செயலி பற்றி எழுதுகிறேன். பாஸ்வேர்ட் மனேஜர் என்று சொன்னால் இளம் ஆட்களுக்கு உடனே தெரியும். ஆனால் இணையத்தில் இதைப் பற்றி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் கலிபோர்னியாவிலோ லண்டனிலோ இருப்பவருக்காக எழுதப்பட்டவை. எங்களுக்கு அந்தக் கேள்விகளோடு இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. போன் வேறு யாருடைய கையிலாவது போய்விட்டால் என்ன நடக்கும்? நான் இல்லாமல் போய்விட்டால் என்ன நடக்கும்?

செயலி செய்கிற வேலை எளிமையானது. உங்களுடைய எல்லாக் கடவுச்சொற்களையும் அது ஒரு பெட்டகத்தில் போட்டு, குறியாக்கம் செய்து பூட்டி வைக்கும். அந்தப் பெட்டகத்துக்கு ஒரே ஒரு தலைமைக் கடவுச்சொல். அதை மட்டும் நீங்கள் நினைவில் வைத்தால் போதும். மற்றக் கடவுச்சொற்களைச் செயலியே நீளமாக, தாறுமாறாக உருவாக்கித் தரும். வங்கிக்கு ஒன்று, பேஸ்புக்குக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று. ஒரு தளத்தில் கசிவு நடந்தாலும் மற்றவை தப்பும். இன்னொரு நன்மையும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் வங்கியின் தளத்தைப் போலவே போலித் தளமொன்றை உருவாக்கி, குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்புவார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. செயலி தளத்தின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை, முகவரியைப் பார்க்கிறது. முகவரி ஒரு எழுத்து மாறினாலும் கடவுச்சொல்லை நிரப்பாது. நிரப்பவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

“எல்லாத்தையும் ஒரே இடத்தில வைக்கிறதா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அதிலும் எல்லாவற்றையும் ஒரேயடியாக இழந்து பழகியவர்களுக்கு. எங்கள் உட்துறைமுகத்தைப் பாருங்கள். எத்தனையோ கப்பல்கள் நிற்கக்கூடிய நீர்ப்பரப்பு, உள்ளே வர ஒடுக்கமான வாய். அந்த வாயைப் பார்த்தபடி ஒஸ்ரன்பேர்க் கோட்டையைக் கட்டினார்கள். நூறு சிறு இறங்குதுறைகளைக் காவல் காப்பதைவிட ஒரு வாயைக் காப்பது சுலபம் என்பதுதான் கணக்கு. அதே துறைமுகத்தைத்தான் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வானத்திலிருந்து தாக்கின என்பதையும் மறக்கக்கூடாது. வாயைக் காத்தால் மட்டும் போதாது, பிரதியும் வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இதற்கு அண்மைய உதாரணம் லாஸ்ட்பாஸ். உலகில் மிகப் பிரபலமான முகாமைச் செயலிகளில் ஒன்று. 2022இல் அதற்குள் புகுந்தவர்கள் வாடிக்கையாளர்களின் பெட்டகங்களுடைய காப்புப் பிரதிகளை அப்படியே எடுத்துப் போனதாக அந்த வருடம் டிசம்பரில் நிறுவனமே அறிவித்தது. கடவுச்சொற்கள் குறியாக்கத்தில் இருந்தன. ஆனால் யார் எந்தெந்தத் தளங்களில் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்ற முகவரிகள் குறியாக்கம் இல்லாமல் இருந்தன. பெட்டகம் திருடனின் கையில் இருந்தால் அவன் எத்தனை வருடமும் இருந்து சாவி தேடலாம். தலைமைக் கடவுச்சொல் உறுதியாக இருந்தவர்களுக்கு அதனால் பயம் குறைவு. “ராஜா1985” என்று வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பூட்டு பூட்டே அல்ல. ஆகவே நிறுவனத்தின் பெயரைவிட இரண்டு விடயங்கள் முக்கியம். பெட்டகத்தில் உள்ள எல்லாமே குறியாக்கம் ஆகிறதா, செயலியின் மூலநிரல் வெளியார் பார்த்துச் சோதிக்கத் திறந்து கிடக்கிறதா.

எதைத் தெரிவது?

என்னுடைய தெரிவை முதலே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான குடும்பங்களுக்கு பிட்வார்டன். இது இலவசம், அதுவும் உண்மையான இலவசம். எத்தனை கடவுச்சொல் என்றோ எத்தனை கருவி என்றோ இலவசக் கணக்கில் எல்லை இல்லை. டொலரில் சந்தா கட்டுவதற்கு எங்களில் எத்தனை பேரிடம் கடனட்டை இருக்கிறது? வன்பாஸ்வேர்ட் நல்ல செயலிதான், ஆனால் இலவசப் பதிப்பு இல்லை. நான்கு மாதம் கழித்துக் கட்ட முடியாமல் போகும் ஒன்றில் குடும்ப ஆவணங்களின் சாவியை வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிட்வார்டனின் மூலநிரல் திறந்தது. நிறுவனத்தாலும் உங்கள் பெட்டகத்தைத் திறக்க முடியாது. தலைமைக் கடவுச்சொல்லை மறந்தால் அவர்களாலும் மீட்டுத் தர முடியாது என்பது இதன் மறுபக்கம். மூதூரில் அம்மாவும் கனடாவில் மகளும் ஒரே வங்கிக் கணக்கைப் பார்ப்பதாக இருந்தால், இருவர் பகிர்ந்துகொள்ளும் வசதியும் இலவசக் கணக்கிலேயே உண்டு. வட்ஸ்அப்பில் குரல் பதிவாகக் கடவுச்சொல் அனுப்பும் வழக்கத்தை அதோடு நிறுத்தலாம்.

இணையம் இல்லாவிட்டால்? இந்தக் கேள்வியை கலிபோர்னியாக்காரர் கேட்க மாட்டார். நாங்கள் 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டதைப் பார்த்தோம். 2022இல் பதின்மூன்று மணிநேர மின்வெட்டையும் பார்த்தோம். பிட்வார்டன் ஏற்கனவே உள்நுழைந்த போனில் பெட்டகத்தின் பிரதியை வைத்திருக்கும். இணையம் இல்லாமலும் வாசிக்கலாம், புதிதாகச் சேர்க்கத்தான் முடியாது.

மனித உரிமை விடயங்களை ஆவணப்படுத்துபவர்கள், ஊடகவியலாளர்கள், சங்கங்களின் கோப்புகளை வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு என் தெரிவு வேறு. அவர்களுக்கு கீபாஸ் குடும்பம். கணினியில் கீபாஸ்எக்ஸ்சி, அண்ட்ரொய்ட் போனில் கீபாஸ்டிஎக்ஸ். இதில் நிறுவனமும் இல்லை, கணக்கும் இல்லை, வேறு நாட்டில் சேவையகமும் இல்லை. பெட்டகம் என்பது வெறும் ஒரு கோப்பு. அதை எங்கே வைப்பது, எத்தனை பிரதி எடுப்பது என்பதெல்லாம் உங்கள் முடிவு. பென்டிரைவ் ஒன்றில் போட்டு வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுக்கலாம். தலைமைக் கடவுச்சொல் தெரியாமல் அவருக்கு அது வெறும் குப்பைக் கோப்பு. பிரதிகளை நீங்களே கைப்படப் புதுப்பிக்க வேண்டும் என்பதுதான் தொல்லை. அலுப்புப் படுபவர்களுக்கு இது சரிவராது.

இந்த ஊரில் இது வெறும் தொழில்நுட்பப் பேச்சு அல்ல. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்களே கொண்டுவந்த கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. ‘சுடர் ஒளி’ பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள்தான் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களை உலகுக்குக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவர் திருகோணமலை நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று அப்படியொரு படம் எடுக்கப்பட்டால் அது ஒரு போனிலும், அந்தப் போனோடு இணைந்த ஒரு கணக்கிலும் இருக்கும். எடுத்தவர் இல்லாமல் போனாலும் படம் இருக்க வேண்டும் என்றால், கணக்கைத் திறக்க இன்னொருவரால் முடிய வேண்டும்.

போனிலேயே வரும் கூகிளின் கடவுச்சொல் சேமிப்பைப் பற்றியும் கேட்பார்கள். கொப்பியை விட நல்லது, எல்லாவற்றுக்கும் ஒரே சொல் வைப்பதைவிட மிகவும் நல்லது. வேறெதையும் பழக விரும்பாத வயதானவருக்கு அதையே வைத்துக் கொடுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 2024இல் அப்பிள் தனியாகவே ஒரு செயலியைக் கொடுத்திருக்கிறது. ஆனால் ஒரு குறை. போனின் திரைப்பூட்டைத் திறக்கத் தெரிந்தவருக்குப் பெட்டகமும் திறக்கும். எங்கள் வீடுகளில் அந்த நான்கு இலக்கம் பேரப்பிள்ளை வரைக்கும் தெரியும். தனிச் செயலியில் போனின் பூட்டு வேறு, பெட்டகத்தின் பூட்டு வேறு.

சோதனைச் சாவடியிலோ விசாரணையிலோ போனைத் தரச் சொன்னால் எந்தச் செயலியும் உங்களைக் காப்பாற்றாது. அப்படிச் சொல்லி விற்பவர்களை நம்பவேண்டாம். அங்கே தேவைப்படுவது சட்டத்தரணி. செயலியால் முடிந்தது குறைவானது, ஆனால் பயனுள்ளது. பயன்படுத்தியவுடன் பெட்டகம் தானாகப் பூட்டும்படி வைக்கலாம். விரல்ரேகையை விரலைப் பிடித்து வைத்தே திறந்துவிடலாம் என்பதால், அதை நிறுத்தித் தலைமைக் கடவுச்சொல்லை மட்டும் வைக்கலாம். போன் களவு போனாலோ கடலில் விழுந்தாலோ, வேறு கணினியில் பிட்வார்டன் கணக்கைத் திறந்து எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறச் செய்யலாம். வள்ளத்தில் போகிற ஆட்களுக்கு இது கற்பனை அல்ல.

அந்த ஒரு சொல்

இனித்தான் கடினமான இடம். இறந்த அல்லது காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் பெயரும் அந்த ஆண்டும் சேர்ந்த கடவுச்சொற்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒரு அம்மாவிடம், இதை மாற்றினால் நல்லது என்றேன். “மாத்தச் சொல்லாதீங்க தம்பி. ஒரு நாளைக்கு ஒருக்காவது அவன்ட பேர எழுதுறன்” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அன்றைக்கு நான் எடுக்கவில்லை.

ஆனால் கணக்கு இரக்கம் பார்ப்பதில்லை. தமிழ்ப் பெயர்கள் 5,000 என்று வையுங்கள். ஆண்டுகள் 100. இரண்டையும் பெருக்கினால் 5 இலட்சம். கணினிக்கு இது தேநீர் ஆறும் நேரம்கூட அல்ல. அதிலும் பிள்ளையின் பெயரும் திகதியும் போராட்டப் பந்தலில் பிடித்த பதாகையிலும் பேஸ்புக் அஞ்சலியிலும் வெளிப்படையாகவே இருக்கின்றன. அதே 5,000 என்ற அளவில் ஒரு சிறு அகராதியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நான்கு சொற்களில் விரலை வையுங்கள். சாத்தியங்கள் 625 இலட்சம் கோடி. ஐந்து சொல் என்றால் இன்னும் 5,000 மடங்கு.

அப்படி வந்ததுதான் “நண்டு சாவி முருங்கை புதன்கிழமை” போன்ற ஒன்று. இங்கே அச்சாகிவிட்டதால் இதை எவரும் எடுக்கவேண்டாம். அர்த்தம் இல்லாமல் இருப்பதுதான் இதன் பலம். ஆனால் நண்டு சாவியைக் கவ்விக்கொண்டு முருங்கையில் ஏறுவதாக நினைத்துப் பாருங்கள், மறக்காது. தேவார வரியோ சினிமாப் பாட்டோ பழமொழியோ வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்தவை அவை. சொற்களைத் தமிழில் யோசித்து ஆங்கில எழுத்தில் தட்டுவது நல்லது. தமிழ் விசைப்பலகை போனுக்குப் போன் மாறும், வேறு கணினியில் இல்லாமலும் இருக்கலாம். எந்த எழுத்துக்கூட்டலில் எழுதுகிறீர்கள் என்பதை மட்டும் முடிவு செய்து, மாற்றாமல் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்ற பழைய விதியை அமெரிக்காவின் தேசிய தரநிர்ணய நிறுவனமே 2017இல் கைவிட்டுவிட்டது. கசிந்தது என்று தெரிந்தால் மாற்றினால் போதும்.

அந்த அம்மாவிடம் பிறகு ஒருநாள் போனபோது, பெட்டகத்துக்குள் மகனுடைய பெயரில் ஒரு கோப்புறை திறந்தோம். அவனுடைய கடிதங்கள், முறைப்பாட்டு இலக்கங்கள் எல்லாம் அதற்குள். பெயர் இரகசியமாக இருக்கத் தேவையில்லாத இடம் அது. ஒவ்வொரு நாளும் அதைத்தான் முதலில் தொடுகிறார்.

நாம் இல்லாதபோது

தலைமைக் கடவுச்சொல் ஒருவரின் மண்டைக்குள் மட்டும் இருந்தால், அவரோடு அதுவும் போய்விடும். பிட்வார்டனின் கட்டணப் பதிப்பில் அவசர அணுக்கம் என்ற வசதி உண்டு. நம்பிக்கையான ஒருவரை முன்கூட்டியே நியமிக்கலாம். அவர் திறக்கக் கேட்டால், நீங்கள் தீர்மானித்த காலம், ஒரு நாளிலிருந்து 90 நாள் வரை, செயலி காத்திருக்கும். அதற்குள் நீங்கள் மறுக்காவிட்டால் அவருக்குத் திறக்கும். நியமிப்பவருக்கு மட்டும்தான் கட்டணப் பதிப்பு தேவை. வெளிநாட்டில் உள்ள பிள்ளை ஒரு கணக்குக்குச் சந்தா கட்டுவதாக இருந்தால், அதைப் பெற்றோரின் கணக்குக்குக் கட்டச் சொல்லுங்கள்.

காசு செலவில்லாத வழி கடதாசி. தலைமைக் கடவுச்சொல்லை எழுதி, உறையில் ஒட்டி, ஊருக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் கொடுப்பது. அதே வீட்டில் வைத்தால் வெள்ளமோ தீயோ இரண்டையும் சேர்த்துக்கொண்டு போகும். உறுதியின் பிரதியை வேறு ஊரில் கொடுத்து வைத்த பழக்கம் எங்களிடம் ஏற்கனவே உண்டு, புதிதாக ஒன்றும் இல்லை. போனையும் கடதாசியையும் ஒரே ஆள் வைத்திருக்காமல் பார்த்தால் போதும். யாரிடம் கொடுப்பது என்பதைத்தான் எந்த நிபுணராலும் உங்களுக்குச் சொல்ல முடியாது. கணவன் இல்லாத வீட்டில், கணக்கைத் தானே நடத்துவதாகச் சொல்லிப் போனை வாங்கிக்கொண்ட உறவினர்களையும் பார்த்திருக்கிறேன். நெருங்கிய சொந்தம் என்பதும் நம்பிக்கையான ஆள் என்பதும் எப்போதும் ஒன்றல்ல.

கூகிள் கணக்கிலேயே செயற்படாக் கணக்கு முகாமை என்று ஓர் அமைப்பு உண்டு. மூன்று மாதம் தொடக்கம் பதினெட்டு மாதம் வரை ஒரு காலத்தைத் தெரிந்து, அதுவரை நீங்கள் கணக்கைத் தொடாவிட்டால் யாருக்கு அறிவிக்கவேண்டும், எவற்றைக் கொடுக்கவேண்டும் என்று பத்துப் பேர் வரை குறிக்கலாம். இலவசம். பத்து நிமிட வேலை.

தொடங்குவதாக இருந்தால் மின்னஞ்சலில் தொடங்குங்கள். மற்ற எல்லாக் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றும் இணைப்பு அங்கேதான் வந்து சேர்கிறது. கடைக்காரரின் எண் மீட்பு எண்ணாக இருந்தால் அதை முதலில் அகற்றுங்கள். பிறகு வங்கி, பிறகு பேஸ்புக். மற்றவற்றை உள்நுழையும்போது ஒவ்வொன்றாகப் பெட்டகத்தில் போட்டால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். பழைய கொப்பியை அதுவரை கிழிக்காதீர்கள்.

இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் போடுங்கள், ஆனால் அதைக் குறுஞ்செய்தியில் மட்டும் தங்க விடாதீர்கள். பிள்ளை ரியாத்துக்குப் போய், இங்குள்ள எண்ணுக்கு ரீலோட் போடாமல் விட்டால் ஒரு காலத்துக்குப் பிறகு இணைப்பு துண்டிக்கப்படும். அந்த எண் வேறொருவருக்கும் போகலாம். அதன் பிறகு உங்கள் ஓ.ரீ.பி. எண் போய்ச் சேர்வது அவரிடம். கூகிள் ஒரே தடவையில் பத்து மாற்றுக் குறியீடுகள் தரும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். அதை அச்சிட்டு அந்த உறைக்குள்ளேயே வையுங்கள். அண்ட்ரொய்டில் ஏஜிஸ் என்ற இலவசச் செயலி சிம் இல்லாமலே குறியீடு தரும். இறந்துபோன கணவரின் பெயரில் பதிவான சிம்மைத்தான் இன்னும் பாவிக்கிறீர்கள் என்றால், அதை உங்கள் அடையாள அட்டைக்கு மாற்றும் வேலையை வங்கிச் செயலிக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். அந்த எண் ஒருநாள் நின்றுவிட்டால், புதிய சிம் கேட்டு நீங்கள் போகும் இடத்தில் கையெழுத்துக் கேட்கப்படுவது அவரிடம்.